அத்தைக்கு: டிக்கெட்டை ரத்து செய்வதற்கு முன்

அன்புள்ள அத்தைக்கு,

"அங்கே ஃப்ளூ பரவுகிறதாம், விமானம் ஏறலாமா வேண்டாமா?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள். பதில் ஒரு வரியில் அடங்கவில்லை. இதே கேள்வியோடு பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக நிறையப் பேர் இருப்பதால், உங்களுக்கு எழுதுவதைப் பொதுவிலேயே எழுதுகிறேன். உங்களுக்கு 66 வயது, சர்க்கரை இருக்கிறது, போகிற வீட்டில் பிறந்து மூன்று வாரமே ஆன குழந்தை. கீழே சொல்வதெல்லாம் இந்த மூன்றை வைத்துத்தான்.

முதலில், என்ன நோய் என்பதைப் பொறுத்துத்தான் விமானத்தைப் பற்றிப் பேசவே முடியும். டெங்கு, ஜிகா போன்றவை கொசு வழியாகப் பரவுபவை. பக்கத்து இருக்கைக்காரருக்கு டெங்கு இருந்தாலும் அவர் இருமலால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. இறங்கிய ஊரின் கொசுதான் கவலை. எபோலா உடல் திரவங்களைத் தொட்டால்தான் ஒட்டும். 2014 ஜூலையில் எபோலா முற்றிய நிலையில் ஒருவர் நைஜீரியாவின் லாகோஸ் நகருக்கு விமானத்தில் வந்து இறங்கினார். அங்கே நோய் பெரும்பாலும் அவரைப் பராமரித்த மருத்துவமனை ஊழியர்கள் வழியாகத்தான் பரவியது. நோரோ வைரஸ் என்கிற வாந்திபேதி கழிப்பறைக் கைப்பிடியிலும் சாப்பாட்டுத் தட்டுப் பலகையிலும் உட்கார்ந்திருக்கும். அதற்கு ஆல்கஹால் ஜெல் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். இன்னொரு கோடியில் தட்டம்மை. நோயாளி எழுந்து போன பிறகும் அது அந்தக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை தங்கும். உங்கள் ஃப்ளூ நடுவில் வருகிறது: காற்றில் பரவும், ஆனால் கிட்ட இருப்பவருக்குத்தான் முக்கியமாக.

இனி அந்தக் காற்றைப் பார்ப்போம். "மூடிய டப்பாவுக்குள் எல்லார் மூச்சும் சுற்றிச் சுற்றி வருகிறது" என்று சொல்வார்கள். பறக்கும்போது அது உண்மையில்லை. பெரிய ஜெட் விமானங்களில் கேபின் காற்று மணிக்கு 20 முதல் 30 முறை மாறுகிறது. அதில் ஏறக்குறைய பாதி வெளியிலிருந்து வருவது. மறுபாதி ஹெப்பா வடிகட்டி வழியாகத் திரும்ப வருவது. இந்த வடிகட்டி 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். காற்று தலைக்கு மேலிருந்து இறங்கி, சுவரோரம் தரை மட்டத்தில் இருக்கும் கம்பி இடுக்குகள் வழியாக, கிட்டத்தட்ட அதே வரிசையிலேயே வெளியேறும். முன்னிருந்து பின்னாக அதிகம் ஓடாது. சிறிய விமானங்கள் சிலவற்றில் ஹெப்பா இருக்காது, கேட்டுக்கொள்ளலாம். (மற்றவர்கள் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் கார்பன் டை ஆக்சைடு மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கேபினில் எண் ஏறுவதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. வடிகட்டி அந்த வாயுவைப் பிடிக்காது, கிருமியைப் பிடிக்கும். அதனால் பறக்கும்போது அந்த எண் ஆபத்தைக் கூட்டித்தான் காட்டும்.)

இவ்வளவு நல்ல காற்று இருந்தும் நோய் ஏன் ஒட்டுகிறது? பக்கத்தில் இருப்பவர் இருமினால், அது வடிகட்டிக்குப் போவதற்கு முன்பே உங்கள் முகத்துக்கு வந்துவிடுகிறது, அதனால்தான். 2003 மார்ச்சில் ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங்குக்கு மூன்று மணி நேரப் பயணம். 120 பேர் இருந்த அந்த விமானத்தில் சார்ஸ் என்ற கடுமையான சுவாச நோய் கண்ட நோயாளி ஒருவர். பிறகு 22 பேருக்கு நோய் வந்தது; அதில் 4 பேரை ஆய்வாளர்களால் விசாரிக்க முடியவில்லை. அவருக்கு முன்னால் இருந்த மூன்று வரிசைகளில் 23 பேரில் 8 பேருக்கு. மற்ற இடங்களில் இருந்த 88 பேரில் 10 பேருக்கு. கிட்ட இருந்தவர்களுக்குத்தான் அதிகம் என்பது தெரிகிறது. ஆனால் தள்ளி உட்கார்ந்த 10 பேரையும் மறக்கக் கூடாது. "முன்னால் இரண்டு வரிசை, பின்னால் இரண்டு வரிசை" என்று சொல்கிறார்களே, அது நோயாளியோடு இருந்தவர்களைத் தேடிப் பிடிக்க வகுத்த கணக்கு. கிருமி அதைப் படித்துவிட்டு மூன்றாவது வரிசையில் நின்றுவிடாது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பயணிகளில் 1,000 பேருக்கு ஒருவர் நோயைப் பரப்பும் நிலையில் இருக்கிறார் என்று வையுங்கள். 180 பேர் இருக்கும் விமானத்தில் அப்படி ஒருவராவது இருக்க வாய்ப்பு 6-ல் 1. நடைபாதையின் இரு பக்கமும் மும்மூன்று இருக்கை என்றால், உங்கள் வரிசையிலும் முன்பின் இரண்டு வரிசைகளிலுமாக இருக்கும் 29 பேருக்குள் அவர் இருக்க வாய்ப்பு சுமார் 3 சதவீதம். அதே நோய் பெருகி 100 பேருக்கு ஒருவர் என்றானால்? விமானத்துக்குள் ஒருவராவது இருக்க 84 சதவீதம், உங்களைச் சுற்றி இருக்க 4-ல் 1. அருகில் இருந்தாலே ஒட்டிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் விமானம், வடிகட்டி, மாஸ்க் எல்லாம் அப்படியே இருக்க, இரண்டு ஊர்களிலும் நோய் எந்த அளவுக்குப் பெருகியிருக்கிறது என்பது மட்டும் மாறினாலே ஆபத்து எட்டு மடங்குக்கும் மேல் ஏறுகிறது பாருங்கள். அதனால் பயணத் தேதியை முடிவு செய்ய, ஊரின் சுகாதாரத் துறை வாராவாரம் வெளியிடும் அறிக்கையைப் பாருங்கள். அதில் "புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள்" என்ற எண்ணை நம்ப வேண்டாம். பரிசோதனை கூடினால் அது கூடும், குறைந்தால் குறையும். மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை தொடர்ந்து இரண்டு, மூன்று வாரம் இறங்குகிறதா என்று பாருங்கள்.

பறக்கும் நேரத்தைவிட நான் பயப்படுவது தரையில் நிற்கும் நேரத்துக்கு. 1977-ல் அலாஸ்காவில் 54 பேரோடு ஒரு விமானம் இன்ஜின் கோளாறால் மூன்று மணி நேரம் தரையில் நின்றது. காற்றோட்டம் நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே ஒருவருக்கு ஃப்ளூ. 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்தார்கள். அன்று உள்ளே எத்தனை நல்ல வடிகட்டி இருந்திருந்தாலும், காற்று ஓடாமல் பயனில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும், கதவு திறந்து நடைபாதையில் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்கும்போதும், காற்றோட்டம் குறைவாகவோ நின்றுபோயோ இருக்கலாம். இதைச் சோதிப்பது எளிது. உட்கார்ந்ததும் தலைக்கு மேலே திருகுகிற சின்னக் காற்றுமுனையைத் திறந்து, கீழே உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். காற்று படுகிறதா? படவில்லை என்றால் மாஸ்க்கை எதற்காகவும் கழற்ற வேண்டாம். கதவை மூடி அரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால் காற்றோட்டம் போதுமானதாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டியிருக்கிறது. பணிப்பெண்ணிடம் தயங்காமல் கேளுங்கள். காற்று வருகிறது என்றால் முனையை நடுத்தர வேகத்தில் வைத்து, மூக்குக்குச் சற்று முன்னால் நேராகக் கீழே இறங்கும்படி திருப்புங்கள். குளிர்கிறது என்று மூடிவிடாதீர்கள், சால்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

இருக்கை விஷயத்தில் உங்களுக்கு ஒரு வசதி, மாமா கூட வருகிறார். ஜன்னல் உங்களுக்கு, நடு இருக்கை அவருக்கு. கழிப்பறைக்குப் பக்கத்து வரிசை வேண்டாம்; அங்கே ஆட்கள் வரிசையில் நின்றபடியே இருப்பார்கள். நடைபாதையோரம் உட்காருபவரைத்தான் போகிறவர், வருகிறவர் எல்லாரும் உரசிக்கொண்டு போவார்கள். கைப்பையைச் சின்னதாக வைத்துக்கொண்டால் மேலே இடம் பிடிக்கும் அவசரம் இல்லை, கடைசியாக ஏறலாம். இறங்கும்போதும் அப்படியே.

ஜன்னல் இருக்கையில் ஒரு சிக்கலும் இருக்கிறது. நோய்க்குப் பயந்து அசையாமல் உட்கார்ந்தால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் அந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு 6,000 பேரில் ஒருவர் என்ற அளவுதான், ஆனால் வயது ஏற ஏறக் கூடும். அரை மணிக்கொரு முறை குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்குங்கள், பிறகு விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள், இருபது தடவை. நடைபாதை காலியாக இருக்கும்போது எழுந்து நடங்கள். கழிப்பறைக்குப் போகக் கூடாதென்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதை மட்டும் செய்யாதீர்கள். கேபினில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் குறைவு. சர்க்கரைக்காரர் உடல் வறண்டால் வேறு வினை வந்து சேரும்.

மாஸ்க். துணி மாஸ்க்கை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். என்95 அல்லது எஃப்எஃப்பி2 என்று குறியிட்ட, முகத்தோடு ஒட்டிப் படியும் வடிகட்டி மாஸ்க், ஆளுக்கு ஐந்து; நனைந்தாலோ கசங்கினாலோ மாற்ற. முன்னால் வால்வு வைத்தது வேண்டாம்: நீங்கள் விடும் மூச்சு அது வழியாக வடிகட்டாமல் வெளியே போகும். இரண்டு பட்டைகளும் தலைக்குப் பின்னால் போகிற வகை நல்லது. மேல் பட்டை உச்சிக்குச் சற்றுக் கீழே, கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பின்கழுத்தில். பலர் இரண்டையும் கழுத்திலேயே போட்டுக்கொள்கிறார்கள். அப்படிப் போட்டால் மேல் விளிம்பு தொளதொளவென்று நிற்கும். மூக்குத் தகட்டை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராகி இரு பக்கமும் இடைவெளி விழும். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் நோக்கி அழுத்திக்கொண்டே வாருங்கள். பிறகு வேகமாக மூச்சு விடுங்கள். கண்ணில் காற்றுப் பட்டாலோ மூக்குக்கண்ணாடி மங்கினாலோ தகடு படியவில்லை. மாமாவின் தாடி அந்த ஒரு நாளைக்கு மட்டும் போகத்தான் வேண்டும். தாடிக்கு மேல் எந்த மாஸ்க்கும் படியாது. புறப்படும் முன் வீட்டில் இரண்டு மணி நேரம் போட்டுப் பழகுங்கள். முழுப் பயணமும் போட முடியவில்லை என்றால், எதை விட்டாலும் வரிசையில் நிற்பதிலிருந்து மேலே ஏறிப் பத்து நிமிடம் வரையும், தரையிறங்கத் தொடங்குவதிலிருந்து வெளியே வரும் வரையும் விடாதீர்கள். சாப்பாடு வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றுவார்கள். அவர்கள் முடித்து மாட்டிய பிறகு நீங்கள் சாப்பிடுங்கள், ஆறியிருந்தாலும் பரவாயில்லை. சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவரானால் மட்டும் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளுவதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இடையில் விமானம் மாற மூன்று மணி நேரக் காத்திருப்பு இருக்கிறது. உங்கள் கேட்டில் கூட்டம் என்றால் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் கேட்டில் உட்காருங்கள், அறிவிப்புப் பலகை எங்கும் தெரியும். விமானத்துக்குக் கொண்டுபோகிற பேருந்தில் முதல் ஆளாக ஏறி நெரிசலுக்குள் நிற்க வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் உங்களுக்கு நோய் வராமல் இருக்க. குழந்தைக்கு வராமல் இருப்பதுதான் பெரிய விஷயம். ஆறு மாதம் ஆகும் வரை குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. கக்குவான் இருமலுக்கு எதிரான ஊசியும் ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் தொடங்கும், பச்சைக் குழந்தைக்கு உயிருக்கே ஆபத்தான நோய் அது. எனவே நீங்கள் இருவரும் ஃப்ளூ ஊசியும், பெரியவர்களுக்கான கக்குவான் கலந்த ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் வேண்டும். கிளம்பும் அன்று போட்டால் வழியில் பாதுகாப்பு இருக்காது. ஃப்ளூ ஒட்டியிருந்தால் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் தெரியும். போய்ச் சேர்ந்த முதல் ஐந்து நாள் குழந்தையைத் தூக்கும்போது மாஸ்க் போட்டிருங்கள், கொஞ்சுவது காலோடு நிற்கட்டும், முகத்துக்கு வேண்டாம். மருமகளிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள், பாவம், அவளாக உங்களிடம் சொல்லத் தயங்குவாள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் ரத்து செய்யச் சொல்லவில்லை. நான்கைந்து வாரம் தள்ளிப் போடச் சொல்கிறேன். அதற்குள் உங்கள் ஊசிகள் வேலை செய்யத் தொடங்கியிருக்கும், குழந்தைக்கு முதல் ஊசி போட்டிருப்பார்கள், அலையும் இறங்குகிறதா இல்லையா என்று தெரிந்திருக்கும். தேதி மாற்றக் கட்டணமும் ரத்துக் கட்டணமும் ஒன்றல்ல, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பயணக் காப்பீட்டில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: பாலிசி எடுக்கும் முன்பே தெரிந்திருந்த தொற்றுப் பரவலுக்குப் பணம் தருவார்களா? பல பாலிசிகளில் தரமாட்டார்கள். அரசு "போகாதீர்கள்" என்று எச்சரித்த இடத்துக்குப் போனால் மருத்துவச் செலவே கிடைக்காமலும் போகலாம்.

மருமகளுக்குத் துணைக்கு வேறு ஆளே இல்லை, இப்போதே போயாக வேண்டும் என்றால் போங்கள். மேலே சொன்னதையெல்லாம் செய்தால் ஒரு பயணத்தின் ஆபத்து தாங்கக்கூடியதுதான். ஒரே நிபந்தனை, புறப்படும் நாளில் உங்களுக்கோ மாமாவுக்கோ காய்ச்சல் இருக்கக் கூடாது. பாராசிட்டமால் போட்டு வெப்பமானியை ஏமாற்றிவிட்டு ஏறுகிறவர்களாலும் மற்றவர்களுக்கு வருகிறது. வெறும் சளி என்றாலும் இறங்கும்போது காது அடைத்து வலி உயிர் போகும்.

மருந்துகளை, தங்கும் நாட்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்து, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலின் இருந்தால் கட்டாயம் கைப்பையில்தான். சரக்கு அறையில் உறைந்து கெட்டுவிடலாம். அங்கே காய்ச்சல் கண்டால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடாதீர்கள். ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும், சர்க்கரை இருப்பவருக்கு மருத்துவர்கள் தயங்காமல் தருவார்கள்.

தேதி மாற்றியதும் இரண்டு விமானங்களின் எண்ணையும் அனுப்புங்கள். என்ன ரக விமானம், எந்த வரிசை கழிப்பறைக்குத் தள்ளி இருக்கிறது என்று பார்த்து இருக்கை எண் எழுதுகிறேன்.