மீன் வாங்க அவசரப்படாதே

சிங்கப்பூர்

அன்புள்ள ஜெபா,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்ததா? இத்தனை மாதம் எழுதாததற்கு நீ திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டேன். இப்போது என் முறை. மருமகள் ஆசைப்பட்டாள் என்று உப்புத்தண்ணீர்த் தொட்டி வாங்கிவிட்டாய், ரொம்ப சந்தோஷம். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே கோமாளிமீன் ஜோடியை விடப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த பிறகு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. விடாதே மாப்ளே. அந்த மீன்கள் பாவம்.

தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது என்கிறாய். மீனின் கழிவான அம்மோனியா என்கிற நஞ்சுக்கு நிறம் கிடையாது. மீன் மூச்சு விடுகிற செவுள் வழியாகவே அது வெளியே வரும். கடலில் அது போன இடம் தெரியாது. உன் தொட்டியிலோ மீன் அதற்குள்ளேயே கிடக்க வேண்டும். அதிலும் உப்புத்தண்ணீரின் பிஹெச் (காரத்தன்மை அளவு) 8.2 பக்கம் இருப்பதால், அதே அளவு அம்மோனியா சாதாரணத் தொட்டியைவிட இங்கே அதிக நஞ்சு. அதைத் தின்ன பாக்டீரியா வேண்டும். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். இரண்டும் பாறையிலும் மணலிலும் ஒட்டிப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நம்மூர் முத்துநகர் கடற்கரையில் கேனில் மொண்டு வந்தால் பாக்டீரியாவும் கூடவே வந்துவிடும் என்று நீ கணக்குப் போடுவாய், எனக்குத் தெரியும். வராது. அவை தண்ணீரில் மிதப்பதைவிட எதிலாவது ஒட்டி வாழ்கிறவை. அதோடு கரையோரத் தண்ணீரில் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து வரும்.

நானும் இங்கே ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். அதில் இப்போது காய்ந்த பாறையும் மணலும் மட்டும்தான். பையன் தினமும் கண்ணாடியில் மூக்கை வைத்து, "மீன் எங்கேப்பா?" என்கிறான். மீனுக்குப் பதில் அம்மோனியம் குளோரைடு சொட்டு விட்டு அம்மோனியாவை 2 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 2 பங்கு) ஏற்றினேன். இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருக்கும். அதுவே குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த சரக்கு, அதனால் வடிகட்டி, கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சுழி காட்டிய பிறகுதான் உப்பையே கலக்கினேன். அம்மோனியா இருந்தால் சோதனைக் குழாய் பச்சை, தீர்ந்தால் மஞ்சள். முதலில் அது பச்சையாகவே நின்றது. பிறகு ஒரு சாயங்காலம் பச்சை வெளுத்து மஞ்சளானது. எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். வீட்டில் யாருக்கும் அது புரியவில்லை. அம்மோனியா இறங்கியதும் நைட்ரைட் ஏறி, சோதனைக் குழாய் கத்திரிப்பூ நிறத்தில் இன்னும் இறங்காமல் நிற்கிறது. நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் சோதனையும் பொய்யாகக் கூட்டிக் காட்டும், அதை நம்பாதே.

நைட்ரேட் சோதனையில், பெட்டியோடு வரும் இரண்டாம் மருந்துப் பாட்டிலை அரை நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். அடியில் பொடி தங்கிவிடும், குலுக்காமல் சொட்டு விட்டால் நைட்ரேட்டே இல்லை என்று காட்டும். பிறகு குழாயை ஒரு நிமிடம் ஆட்டி, ஐந்து நிமிடம் வைத்து, வெள்ளை அட்டைக்கு எதிரே பகல் வெளிச்சத்தில் பார். ராஜாமணி சார் பிப்பெட்டை கண்ணுக்கு நேரே பிடிக்கச் சொல்லி உன் பிடரியில் போட்டது நினைவிருக்கட்டும்.

அப்புறம் உப்பு. "தூத்துக்குடிக்காரன் காசு கொடுத்து உப்பு வாங்குகிறானா" என்று சிரிக்காதே. உப்பளத்தில் பிறந்தவன் நீ, உனக்கே தெரியும். பாத்தியில் தண்ணீர் சுண்டும்போது ஜிப்சம் முதலில் படிந்துவிடும். அத்தோடு கால்சியம் போயிற்று. உப்பு வாரின பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மெக்னீசியம் நின்றுவிடும். உங்கள் அப்பா வாரியது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கடல்நீரில் லிட்டருக்குக் கால்சியம் 420 மில்லிகிராம், மெக்னீசியம் 1,300 அளவில் இருக்க வேண்டும். அதனால் மீன்தொட்டிக்கென்று விற்கிற உப்பையே வாங்கு. உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35. தண்ணீர் ஆவியானாலும் உப்பு உள்ளேயே இருக்கும், குறைந்த அளவை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். தங்கச்சியிடம் இதைச் சொல்லிவை, நீ மறந்துவிடுவாய்.

இனி எழுதப்போவது விளையாட்டில்லை. வள்ளத்துக்காரர் யாரிடமோ சொல்லி, தீவுப் பக்கம் உயிரோடு இரண்டு பவளக்கல் எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அது வேண்டவே வேண்டாம். 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கிற அதே அட்டவணை. போலீஸுக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அந்தக் கல்லை வெட்டி வெட்டி எடுத்ததை நாம் பார்த்துத்தானே வளர்ந்தோம்? அலையைத் தடுக்கிற பவளப்பார் போனதும் நம்மூர்ப் பக்கத்து வான் தீவு சிறுத்துப் போயிற்று. மன்னார் வளைகுடாவைத் தேசியப் பூங்கா என்று 1986இல் அறிவித்தபோது 21 தீவு. அதில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. மிஞ்சிய பவளமும் கடல் சூட்டில் 2010இலும் 2016இலும் வெளுத்தது. இரண்டு கல்தானே என்று உனக்குத் தோன்றும். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் தொட்டியிலும் பிற்பாடு பண்ணையில் வளர்த்த துண்டுகளைத்தான் வைப்பேன். உனக்குக் காய்ந்த பாறையும் மீனும் போதும்.

மீனையும் பொரிப்பகத்தில் வளர்த்ததாக வாங்கு. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளிமீன் குஞ்சு பொரிக்கும் முறையைக் கண்டு பலருக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரரிடம் எங்கிருந்து வந்தது என்று விடாமல் கேள்.

அந்தோணி அடுத்த வாரம் ஊருக்கு வருகிறான், அவனிடம் சோதனைப் பெட்டி ஒன்று கொடுத்தனுப்புகிறேன். அம்மோனியா ஏற்றிவிட்டு தினமும் குழாயைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. 2 பிபிஎம் விட்டால் ஒரே நாளில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழிக்கு இறங்க வேண்டும். அதற்குப் பிறகு பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு ஒரு ஜோடி மட்டும் விடு. மருமகள் கோபித்துக்கொண்டால் போனை அவளிடம் கொடு, நான் பேசுகிறேன்.

அன்புடன்,
செல்வம்