மானாவாரி விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகல் போய்ச் சேரும்.

மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் நடந்தன. மண் பரிசோதனை முகாம் நடந்தது. சங்கத்துக்குத் தார்ப்பாய்கள் வாங்கினோம். எடுத்துப் போனவர்கள் திருப்பித் தரவும்.

கம்பு விதைத் திடல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒட்டு ரகம் போடாதது பற்றியும் விதை குறைந்தது பற்றியும் வெளியே வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். நல்ல மழை பெய்தால், இரு வேறு பெற்றோர் வகைகளை இணைத்து உண்டாக்கும் வீரிய ஒட்டுதான் கூடுதலாக விளையும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒவ்வொரு பருவமும் புது விதை வாங்க வேண்டும். திடலில் நாம் போட்ட, பல வகைச் செடிகள் கலந்த கூட்டு ரகம் என்றால் நம் கதிரிலிருந்தே விதை எடுக்கலாம். ஏக்கருக்கு 2 கிலோ போதும் என்பதால் சிறு திடலே பலருக்கும் விதை கொடுக்கும். 1965இல் வந்த எச்.பி.1 ஒட்டுக் கம்பு சில ஆண்டுகளிலேயே இலையை வெளுக்க வைத்துக் கதிரைக் கெடுக்கும் அடிச்சாம்பல் நோயில் அடிபட்டதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே ஒட்டை எல்லாரும் நம்பினால் அப்படித்தான் ஆகும்.

கம்புக் கதிரில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி முதலில் வெளியே வரும், மகரந்தம் அப்புறம்தான். அந்த இடைவெளியில் காற்றில் எந்த மகரந்தம் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் திடலுக்கும் வேறு கம்பு ரகத்துக்கும் இடையே விலகு தூரம் 200 மீட்டர் வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானமே போட்டோம். கையெழுத்துப் போட்ட ஒருவர் திடலை ஒட்டியே ஒட்டு ரகம் விதைத்தார். கேட்டதற்கு, “அதுவும் கம்புதானே, செயலாளரே!” என்றார். அந்தப் பக்கத்துக் கதிர்களை விதைக்கு எடுக்காமல் தானியமாக ஒதுக்க வேண்டியதாயிற்று. திடல் விதை குறைந்ததற்குக் காரணம் இதுதான், வேறெதுவுமில்லை.

பூப்பதற்கு முன் கலவன், அதாவது ரகத்தோடு ஒத்துப்போகாத செடிகளைப் பிடுங்கவும், வெளுத்த நோய்ச் செடிகளை அகற்றவும் ஆள் கேட்டேன். வருகிறேன் என்று சொன்னவர்களின் பெயர்ப் பட்டியல் நீளம். வந்தவர்களை ஒரே வண்டியில் ஏற்றிவிடலாம். அறுவடையில் மட்டும் நல்ல கூட்டம். பெரிய கதிராக நாலைந்து பார்த்து எடுத்தால் ரகம் நலிந்துவிடும், பல செடிகளிலிருந்தும் எடுக்க வேண்டும் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

வரவு செலவு பொருளாளரின் பதிவேட்டில் இருக்கிறது. கையிருப்பு சிறிது உண்டு. சந்தா பாக்கி அதைவிட அதிகம். பாக்கிதாரர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை.

திடலுக்கு நிலம் கொடுத்த உறுப்பினருக்கும், கிளி விரட்டிய பிள்ளைகளுக்கும், தணிக்கை செய்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றுக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சியே. யாரும் முன்வராவிட்டால், சரி, நானே பார்க்கிறேன். விதையை விதைப்புக்கு முன் கொடுப்போம். தேன் ஒழுகல் என்ற கதிர்ப் பூஞ்சை நோய் விதையோடு வராமலிருக்க, 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து, விதையைப் போட்டு, மிதப்பதை அகற்றிவிட்டு, அடியில் தங்குவதை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி விதைக்கவும். விதை வாங்க வரும்போது பையோடு சந்தா ரசீதையும் கொண்டுவந்தால் பதிவேட்டில் எழுத வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்