ரன்ட்சாவ் கதையில் ஊர்க்காரர்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டென்மார்க் தளபதி டேனியல் ரன்ட்சாவ் ஸ்வீடனுக்குள் நடத்திய குளிர்காலப் படையெடுப்பு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். டென்மார்க் - ஸ்வீடன் ஏழாண்டுப் போர் பற்றித் தமிழில் எழுதியதற்கு நன்றி. ஆனால் கட்டுரை முழுக்கத் தளபதியின் வீரம்தான் இருக்கிறது. எனக்கு அது வருத்தமாக இருந்தது.

1567 அக்டோபரில், அப்போது டென்மார்க் வசமிருந்த ஹால்ம்ஸ்டாட் நகரத்திலிருந்து ரன்ட்சாவின் படையில் எட்டாயிரம் பேருக்கு மேல் கிளம்பினார்கள். பெரும்பாலும் கூலிக்குச் சண்டை போட வந்த ஜெர்மானியர்கள். சம்பளம் ஒழுங்காக வராத படை எதைத் தின்னும்? போகிற ஊரைத்தான். ஸ்வீடனின் யோன்ஷோப்பிங் நகரத்தை எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று ஸ்வீடன்காரர்களே கொளுத்தினார்கள். சொந்த வீட்டுக்குச் சொந்த ராஜாவின் ஆட்களே தீ வைப்பதைப் பார்த்துக்கொண்டு, குளிர் தொடங்கும் நேரத்தில் பிள்ளைகளோடு தெருவில் நின்றவர்களுக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஸ்வீடன் ராஜா பதினான்காம் எரிக்கோ அந்த ஆண்டு புத்தி தடுமாறிக் கிடந்தார்.

அப்புறம் அந்தத் திரும்பும் பயணம். ஸ்வீடன்காரர்கள் காட்டுப் பாதைகளில் மரங்களை வெட்டிச் சாய்த்து வழியை அடைத்துவிட்டார்கள். அதனால்தான் ரன்ட்சாவ் உறைந்துபோன சோம்மன் ஏரிமேல் படையை நடத்திப் போனார். நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்தவன். பல குளிர்காலங்கள் பால்டிக் துறைமுகங்களுக்குப் போயிருக்கிறேன். ஒருமுறை கரையோரம் உறைந்த கடல்மேல் பத்தடி நடந்தேன். காலடியில் கம்பி அறுந்த மாதிரி ஒரு சத்தம் தூரத்துக்கு ஓடியது. அடுத்த நிமிடம் கரையில் இருந்தேன். குதிரையும் வண்டியுமாக ஆயிரக்கணக்கானோர் அப்படி ஏரியைக் கடந்தது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோடரியோடு வழியை மறித்தவர்களின் துணிச்சலும் அதே கதையில்தானே இருக்கிறது?

1568-லேயே எரிக்கின் பதவி போனது. 1569 நவம்பரில் வார்பெர்க் கோட்டை முற்றுகையில் பீரங்கிக் குண்டு பட்டு ரன்ட்சாவ் இறந்தார். 1570 டிசம்பரில் ஸ்டெட்டின் நகரத்தில் சமாதானம் பேசியபோது எல்லை பழைய இடத்திலேயே இருந்தது. டென்மார்க் பிடித்து வைத்திருந்த எல்ஃப்ஸ்போரி கோட்டையைத் திரும்பப் பெற மட்டும் ஸ்வீடன் 1,50,000 வெள்ளி நாணயம் தர ஒப்புக்கொண்டது.

கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதினால் யோன்ஷோப்பிங்கிலிருந்து தொடங்கட்டும். கூடவே ஒரு வரைபடமும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர்,
தூத்துக்குடி.