பெர்த்தா காசெரெஸ்: கொலைக்கு முந்தைய பத்தாண்டுகளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஹோண்டுராஸ் நாட்டின் லென்கா பழங்குடித் தலைவர் பெர்த்தா காசெரெஸைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் 2016 மார்ச் 2 இரவில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. லா எஸ்பெரான்சா ஊரில் வீடு புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் குவால்கார்கே ஆற்றில் திட்டமிட்ட அகுவா சர்கா நீர்மின் அணையை அவரும் ரியோ பிளாங்கோ மக்களும் எப்படித் தடுத்தார்கள் என்பதை விட்டுவிட்டால், அவர் செய்த வேலையே வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

1993இல் கோப்பின் என்ற பழங்குடி அமைப்பை நிறுவியவர்களில் அவர் ஒருவர். குவால்கார்கே ஆற்றங்கரையில் எந்திரங்கள் வந்து இறங்குவதைப் பார்த்த ரியோ பிளாங்கோ மக்கள் 2006இல் அந்த அமைப்பைத் தேடி வந்தார்கள். அந்த ஆறு அவர்களுக்குத் தண்ணீர், உணவு, மருந்து, தெய்வமும் அதுதான். அணையின் மின்திறனோ சுமார் 21 மெகாவாட்.

கலந்தாய்வில்தான் முதல் மோசடி நடந்தது. பழங்குடிகள் குறித்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையை ஹோண்டுராஸ் 1995இல் ஏற்றது. அதன் 6ஆம் பிரிவுப்படி, அம்மக்களின் சொந்தப் பிரதிநிதி அமைப்புகள் வழியாக, நல்லெண்ணத்தோடு, உடன்பாடோ சம்மதமோ பெறும் நோக்கத்தோடு கலந்தாய்வு நடக்க வேண்டும். ரியோ பிளாங்கோவில் கூட்டக் குறிப்பைத் திருத்தி, ஊரே ஒருமனதாக ஆதரிப்பதுபோல் காட்டினார்கள். ஆதரவுத் தாளில் கையெழுத்துப் போடப் பணம் கொடுக்க முன்வந்தார்கள். இப்படித் தயாராகும் கோப்பு ஆபத்தானது. கடன் கொடுப்பவர் வேறொரு கண்டத்தில் இருக்கிறார். அவர் கையில் கிடைப்பது அந்தக் காகிதம் மட்டும்தான்.

பெர்த்தா அதற்கு எதிராக வேறு காகிதங்களை உருவாக்கினார். ஊர்க்கூட்டம் கூட்டி, அணை வேண்டாம் என்று முறைப்படி வாக்கெடுக்க வைத்தார். புகார் கொடுக்கத் தலைநகர் தெகுசிகல்பாவுக்குப் போனபோது ஊர்ப் பிரதிநிதிகளையும் உடன் அழைத்துச் சென்றார். வழக்கை அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் வரை கொண்டுபோனார். புகார், வாக்கெடுப்பு, மேல்முறையீடு எதுவும் எந்திரங்களை நிறுத்தாதபோதுதான் 2013 ஏப்ரலில் சாலைமறியல் தொடங்கியது. குடும்பங்கள் முறைவைத்துக் காவல் இருந்ததால் மறியல் ஓராண்டுக்கும் மேல் தாக்குப்பிடித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருந்தால் விதைப்பும் அறுவடையும் கெட்டுச் சில வாரங்களில் கலைந்திருக்கும். 2013 ஜூலையில் தோமாஸ் கார்சியா என்ற ஊர்த்தலைவரை ராணுவ வீரர் சுட்டுக் கொன்றார். அதன் பிறகும் மக்கள் கலையவில்லை. ஆண்டு முடிவதற்குள் கட்டுமானப் பணியிலிருந்து சீனாவின் சினோஹைட்ரோ நிறுவனம் விலகியது. இது பெர்த்தா உயிரோடு இருந்தபோதே கிடைத்த வெற்றி. நம் கட்டுரைகளில் இதைக் காண்பது அரிது.

போராட்டம் எங்கே தோற்றது என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்குப் பாதுகாப்பு தரும்படி அதே மனித உரிமை ஆணையம் 2009இலேயே கோரியிருந்தது. ஆணையத்திடம் போலீஸ் கிடையாது. அதை நிறைவேற்ற வேண்டியது ஹோண்டுராஸ் அரசு. அந்த அரசுதான் 2013இல் அவர்மீது வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பப் பார்த்தது. பின்னர் அணை வேலையை ஆற்றின் மறுகரைக்கு மாற்றினார்கள். மறியல் செய்த சாலை தேவையற்றதாகிவிட்டது. 2015இல் கிடைத்த கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது உலகப் புகழைக் கொடுத்தது, காவலைக் கொடுக்கவில்லை.

வளர்ச்சித் திட்டங்களுக்குக் கடன் தரும் நிதி நிறுவனங்களான நெதர்லாந்தின் எஃப்.எம்.ஓ. 1.5 கோடி டாலரும் பின்லாந்தின் ஃபின்ஃபண்ட் 50 லட்சம் டாலரும் இத்திட்டத்துக்கு ஒதுக்கியிருந்தன. கொலை நடந்த பிறகே பணத்தை நிறுத்தின. 2017இல்தான் முழுதாக வெளியேறின. ஊர்க்கூட்டத்தின் வாக்கை மதித்து முன்பே விலகியிருக்கலாம். 2018இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பான ஏழு பேரில் அணை நிறுவனமான தேசாவின் சமூக, சுற்றுச்சூழல் மேலாளரும் ஒருவர். மக்களோடு பேசுவதற்கென்றே இருந்த பதவி அது. தேசாவின் தலைமை நிர்வாகியாக இருந்த தாவித் காஸ்தியோவுக்கு 2022இல் 22 ஆண்டு 6 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

இந்தியா 1958இல் பழைய 107ஆம் உடன்படிக்கையை ஏற்றது, 169ஐ ஏற்கவில்லை. அடுத்த முறை பெர்த்தாவைப் பற்றி எழுதும்போது அந்த 6ஆம் பிரிவை எளிய தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். திட்டத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் யார், எவ்வளவு, எந்தக் காகிதத்தை நம்பிக் கொடுத்தார்கள் என்பதையும் சேருங்கள். கிராமசபையில் தீர்மானம் எழுத உட்காரும் நம் மலைக்கிராம மக்களுக்கு அது கைகொடுக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்