இருபது பாகம்

சேசு, மரி, சூசை துணை.

தூத்துக்குடி,
ஆகஸ்ட் 15.

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை, உண்மையாகவே அறிய ஆவலாக இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்று அங்கே மால்டாவில் சாந்தா மரியா என்னும் மாதா திருநாள். சென்ற ஆண்டு இதே நாளில் நீ அழைத்து, 1942இல் பட்டினியின் விளிம்பில் இருந்த மால்டாவுக்கு எண்ணெய் கொண்டுவந்த 'ஓஹையோ' என்ற கப்பல், குண்டுபட்டு மூழ்கும் நிலையில், இருபுறமும் போர்க்கப்பல்கள் அணைத்துப் பிடிக்க, ஆகஸ்ட் 15 அன்று வலெட்டாவின் பெரிய துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்த கதையை அரைமணி நேரம் சொன்னாய். அம்மாவுக்கு அந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது. இந்த ஆண்டு காலையிலிருந்து தொலைபேசியை அடுக்களை ஜன்னலிலேயே வைத்திருந்தாள். உனக்கு இரவுப் பணி இருந்திருக்கும் என்று நான்தான் சொல்லிவைத்தேன்.

பனிமய மாதா திருவிழாவுக்கு நீ வர முடியாமல் போனதைப் பற்றி நான் குறை சொல்லப் போவதில்லை. ஜூலை 26 கொடியேற்றத்துக்கு முன்பே வந்துவிடுவேன் என்று நீ சொன்னதை நம்பி உன் அறைக்கு வெள்ளை அடித்தோம். அதனால் ஒன்றும் நட்டமில்லை, அறை வெள்ளையாகவே இருக்கும். விடுப்பு கிடைக்கவில்லை என்றாய். ஏப்ரலிலேயே விடுப்பு உறுதியாகிவிட்டது, விமானச் சீட்டும் வாங்கியாகிவிட்டது என்று நீயே சொல்லியிருந்தாய் என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. போகட்டும்.

நான் எழுத வந்தது நீ கடலடிக்குப் போய் எடுத்து அனுப்பும் ஞாயிற்றுக்கிழமைப் படங்களைப் பற்றி. ஐந்து ஞாயிறுகளாக ஒன்றும் வரவில்லை. நீ அனுப்பியவை எல்லாவற்றையும் நான் உப்பள அலுவலகத்தில் காட்டாத ஆள் இல்லை. கோசோ தீவின் டுவெய்ராவில் பாறைக்கு நடுவே வட்டக் கிணறு போலக் கிடக்கும் அந்த நீலக் குழியில், 15 மீட்டர் ஆழத்தின் பாதியிலேயே ஒரு வளைவு திறந்து அது நேராகக் கடலுக்குள் கொண்டுபோய் விடுகிறது என்று நான் விளக்கியபோது, கணக்குப்பிள்ளை "உங்கள் மகளா அதற்குள் போனாள்?" என்று கேட்டார். அருகிலேயே நின்ற பாறைச் சாளரம் 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்ததும், உலகமே வந்து பார்த்த அந்த வளைவின் துண்டுகளுக்கு நடுவே நீ நீந்தி வந்ததும் எங்கள் அலுவலகத்தில் இப்போது எல்லோருக்கும் தெரியும். 1961இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கிய உன் தாத்தா இருந்திருந்தால், பேத்தி அவர் போனதைப் போல இரண்டு மடங்கு ஆழம் போய் வருகிறாள் என்று சொல்லி ஊரைக் கூட்டியிருப்பார். நானும் அந்தப் பெருமையில்தான் இருந்தேன். பெருமையில் இருந்ததால்தான் சில விஷயங்களைக் காலத்தோடு கவனிக்கவில்லை.

அந்தத் தண்ணீரின் தெளிவுதான் முதலில் எனக்கு உறுத்தியது. மால்டாவில் வண்டல் கொண்டுவந்து கொட்ட ஆறே இல்லை, சுண்ணாம்புப் பாறைதான், அதனால் முப்பது மீட்டருக்கு அப்பாலும் கண் தெரியும் என்றாய். நம் பக்கத்துக் குளியாளுக்குக் காற்று மாறினால் தன் கையே தெரியாது. எவ்வளவு ஆழம் வந்திருக்கிறோம் என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருக்கும். தெளிந்த கடலில் அடிமணல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும், மனிதன் இறங்கிக்கொண்டே போவான். ஆழத்தைக் கண்ணால் அளக்காதே. கையில் கட்டியிருக்கும் கருவியைப் பார். இதை முன்பும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்.

கருவி என்றதும் சொல்கிறேன். 'உம் எல் ஃபரூத்' கப்பலின் பக்கம் நீ எடுத்துக்கொண்ட கடைசிப் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கப்பலின் வரலாற்றை நீ எழுதியபோதே எனக்கு மனம் கனத்தது. 1995 பிப்ரவரி 3 அன்று பழுதுபார்ப்புக்கு நின்றபோது வெடித்து, துறைத் தொழிலாளர் ஒன்பது பேரைக் கொன்ற எண்ணெய்க் கப்பல் அது. 1998இல் வீத் இஸ்-ஸுர்ரீக் கரைக்கு அப்பால் மீன்களுக்கு வீடாகட்டும் என்று மூழ்கடித்தார்கள். துறைமுக ஊர்க்காரனான எனக்கு அந்த ஒன்பது பேரும் அந்நியர் இல்லை. அவர்களுக்காக அன்றே நம் கோவிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஆனால் படத்தில் நான் பார்த்தது உன் மணிக்கட்டை. அதில் 34.6 என்று இருந்தது. இருபத்தைந்து மீட்டர்தான் போனோம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாய். முதல் பயிற்சியில் தேறியவருக்கு 18 மீட்டர், அடுத்ததில் தேறியவருக்கு 30 மீட்டர் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நீதான்.

எனக்கு மீட்டர் கணக்கு மனதில் நிற்காது, நம் கடல்காரர் ஆழம் அளக்கும் பாகம்தான் நிற்கும். அந்தக் கப்பல் கிடக்கும் மணல் 36 மீட்டர் என்றால் ஏறத்தாழ இருபது பாகம். வேதாகமத்தில் வரும் புனித சின்னப்பரை, அதாவது பவுலை, ரோமைக்குக் கொண்டுபோன கப்பல் பதினான்காம் இரவில் உங்கள் தீவை நெருங்கியபோது மாலுமிகள் நூல் விட்டு அளந்தது இதே இருபது பாகம்தான். சற்றுப் போய் அளந்தால் பதினைந்து. உடனே பாறையில் மோதிவிடுவோம் என்று அஞ்சிப் பின்பக்கத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கி விடியட்டும் என்று காத்திருந்தார்கள். அவசரப்பட்டுப் படகில் தப்பப் பார்த்தவர்களைச் சின்னப்பர் தடுத்தார். கப்பலில் இருந்த 276 பேரும் கரை சேர்ந்தார்கள். பிப்ரவரி 10 அன்று அந்தத் திருநாளை நீ வலெட்டாவில் பார்த்தாய். நூல் விட்டு அளந்த பகுதியை மட்டும் இன்னொரு முறை வாசித்துப் பார்.

இறங்குவதைவிட ஏறுவதில்தான் எல்லாம் இருக்கிறது. உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. நான் முப்பது ஆண்டுகளாக உப்பைப் பார்த்துப் புரிந்துகொண்ட முறையில் சொல்கிறேன். பாத்தியில் நிற்கும் நீரில் உப்பு கண்ணுக்குத் தெரியாது. நீர் தாங்கக்கூடிய அளவு வரைக்கும் அது கரைந்தே இருக்கும். தாங்க முடியாமல் போகும் நேரத்தில் பூத்துவிடும். பத்து மீட்டருக்கு ஒரு முறை, கரையில் இருக்கும் அழுத்தத்தின் அளவு இன்னொரு பங்கு கூடும்போது, மூச்சுக்காற்றின் நைட்ரஜன் உன் இரத்தத்திலும் சதையிலும் அப்படித்தான் கரைகிறது. மெல்ல மெல்ல ஏறினால் வந்த வழியே நுரையீரல் மூலம் வெளியேறும்; அவசரமாக ஏறினால் உள்ளேயே குமிழாகப் பூக்கும். மூட்டில் பூத்தால் வலி, தண்டுவடத்தில் பூத்தால் வேறு. நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறாதே. 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில். அவசரம் இல்லையென்றால் ஐந்து நிமிடம் நில். தண்ணீர் நிறையக் குடி, அங்கே கோடை வெயில் கடுமை. பல முறை கடலடிக்குப் போய் வந்த பின் பதினெட்டு மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. நீ ஒரு நாள் முழுக்க விடு. மெல்ல ஏறு, மகளே. மெல்ல ஏறு.

சேதம் ஏதும் ஆகிவிட்டால் அதற்கும் வழி இருக்கிறது என்று படித்தேன். அழுத்த அறையில் படுக்கவைத்து, 18 மீட்டர் ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்து, ஐந்து மணி நேரம் போலச் சிறுகச் சிறுகக் குறைத்து வெளியே விடுகிறார்கள். அதன் பிறகு சில வாரங்கள் விமானத்தில் ஏற விடமாட்டார்கள். மால்டாவில் அரசு மருத்துவமனையிலேயே அந்த அறை இருப்பதைப் படித்தபோது அந்த நாட்டுக்கு நன்றி சொன்னேன். சீக்கிரம் போகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகிவிடுகிறார்கள். பலர் சீக்கிரம் போவதில்லை. சுளுக்கு என்கிறார்கள், சிலிண்டர் தூக்கிய வலி என்கிறார்கள். நீ செவிலியர், நோயாளி எதை மறைக்கிறார் என்று கண்டுபிடிப்பது உன் வேலை. அதனால் மறைக்கவும் உனக்கு நன்றாகத் தெரியும்.

சென்ற வாரம் காணொளியில் பேசியபோது நீ காப்பிக் கோப்பையை வலக்கையால் எடுத்தாய். பள்ளிக்கூடத்தில் எத்தனை முறை மாற்றச் சொல்லியும் மாற்றிக்கொள்ளாத இடக்கைக்காரி நீ. ஆகஸ்ட் வெயிலில் மடியில் சால்வை போட்டிருந்தாய். நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் சரியாகப் பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

ஆனால் அன்றிரவு உன் சித்தப்பா தடியை ஊன்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, "அண்ணே, பிள்ளையின் இடக்கையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டான்.

அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உனக்குச் சொல்ல வேண்டியதை அவனை வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. சித்தப்பா உப்பு மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்தார் என்பது நாங்கள் உனக்குச் சொல்லி வளர்த்த கதை. அவன் லாரியிலிருந்து விழவில்லை.

நீ அப்போது மூன்று வயதுக் குழந்தை. நானும் அவனும் கம்ப்ரசர் வைத்துச் சங்கு குளிக்கும் படகில் போய்க்கொண்டிருந்தோம். அவன் கீழே, நான் மேலே. எஞ்சினிலிருந்து போகும் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு அவன் இழுப்பைக் கவனிப்பது என் வேலை. ஆழம் ஒன்பது பாகம். ஆழமானியும் இல்லை, கடிகாரமும் இல்லை. எவ்வளவு நேரம் என்பதைச் சூரியனை வைத்துச் சொல்வோம். அன்று கடலடிப் பாறைத் திட்டான பாரில் சங்கு அப்படிக் கிடந்தது. ஒரு மணி நேரம், மறுபடி ஒரு மணி நேரம். இரண்டாம் முறை மேலே வந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு, எலும்புக்குள் யாரோ கடிப்பது போல இருக்கிறது என்றான். குளிரில் பிடித்திருக்கும் என்றேன். இன்னும் ஒரு தடவை போய் வா, வெயில் இருக்கிறது என்றேன். எனக்குக் கடன் இருந்தது; அவன் மறுக்க மாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். மூன்றாம் முறை அவன் கீழே இருந்தபோது காற்று ஏறியது. நான் குழாயை அசைத்து அவசரமாக மேலே வரச் செய்தேன்.

கரை வரும்போது அவன் கால்களில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றான். இரவில் சிறுநீர் பிரியவில்லை. காலையில் எழுந்து நிற்க முடியவில்லை. அப்போதும் தைலம் தேய்த்தோம். மூன்றாம் நாள்தான் மருத்துவரிடம் கொண்டுபோனோம். கம்ப்ரசர் விஷயம் வெளியே தெரிந்தால் கேள்வி வரும் என்று படகுக்காரர் அஞ்சினார், நானும் அஞ்சினேன். எப்படி ஆனது என்று மருத்துவர் கேட்டபோது, லாரியிலிருந்து விழுந்துவிட்டான் என்று நான் சொன்னேன். அவர் கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். பிறகு "ஆமாம்" என்றான். விழுந்தவனுக்குச் செய்ய வேண்டிய வைத்தியத்தை அவர்கள் அவனுக்குச் செய்தார்கள். அவன் எனக்காகச் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்றுவரை அவனிடம் எதுவும் பேசியதில்லை. கடலை விட்டுவிட்டு உப்பளத்துக்குப் போனேன். நீ கேட்டபோதெல்லாம் லாரிக் கதையைச் சொன்னேன். இந்த வீட்டில் உடம்பைப் பற்றிப் பொய் சொல்வதைத் தொடங்கி வைத்தவன் நான்.

இதுவரை எழுதியதைச் சற்று முன் அவனிடம் வாசித்துக் காட்டினேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, லாரியின் நிறம்கூட நாம் ஒரே மாதிரிதான் சொல்லி வந்திருக்கிறோம் என்றான். பிறகு உன்னோடு தனியாகப் பேச வேண்டும் என்றான்.

வரும் ஞாயிறு நம் நேரம் இரவு எட்டு மணிக்கு, உங்களுக்கு மாலை நாலரைக்கு, அவன் உன்னை அழைப்பான். அம்மாவை நான் நவநாளுக்குக் கூட்டிப் போகிறேன். வீட்டில் அவன் மட்டும் இருப்பான். அவனிடம் நீ என்ன சொன்னாலும் எனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சால்வை போடாமல் உட்கார்.

உன்
அப்பா