1877ஐ விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1607இல் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் குடியேறியதில் தொடங்கி, பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியது, 1776 சுதந்திரப் பிரகடனம், உள்நாட்டுப் போர், 1929 பங்குச்சந்தை வீழ்ச்சி, பேர்ல் ஹார்பர், நிலவுப் பயணம் என்று விறுவிறுப்பாகவே எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ்தான் பிறகு கவர்னர் ஜெனரலாக இங்கே வந்து திப்புவோடு போரிட்டவர் என்று போகிறபோக்கில் நினைவூட்டியிருப்பதும் நன்று. ஆனால் 1865இல் லிங்கன் சுடப்பட்டதும் அடுத்த பத்தியிலேயே 1929க்குத் தாவிவிட்டார். நடுவில் 64 ஆண்டுகள் காணோம். அதோடு, விடுதலையான கறுப்பினத்தவரின் உரிமைகளைக் காத்து நின்ற மத்திய அரசுப் படை தெற்கில் பின்வாங்கிய 1877ஐயும் காணோம். அந்த ஆண்டைச் சொல்லாமல் விட்டால், அடிமைமுறை ஒழிந்த நாட்டில் நூறு ஆண்டு கழித்து மார்ட்டின் லூதர் கிங் எதற்காகத் தெருவில் இறங்க வேண்டியிருந்தது என்பது வாசகருக்கு விளங்காது.

அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். 1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட அறிவிப்பு அடிமைகள் அனைவரையும் விடுவித்ததாகக் கட்டுரை சொல்கிறது. கிளர்ச்சி செய்த தென்மாநிலங்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. அங்கும் வடக்குப் படை பிடித்திருந்த சில பகுதிகளுக்கு விலக்கு இருந்தது. லிங்கன் பக்கமே நின்ற கென்டக்கி, டெலவேர், மேரிலாண்ட், மிசௌரி மாநிலங்களின் அடிமைகளை அது தொடவில்லை. நாடு முழுக்க அடிமைமுறையை ஒழித்தது 1865 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த 13ஆவது சட்டத்திருத்தம்.

சுமார் 40 லட்சம் பேர் விடுதலையானார்கள். விடுதலையானவர்கள் என்ன கேட்டார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. 1865 ஜனவரியில் ஜார்ஜியாவின் சவானா நகரில் கறுப்பினப் போதகர்கள் இருபது பேரை அழைத்து வடக்குப் படையின் தளபதி ஷெர்மன் பேசினார். அவர்கள் சார்பில் பேசியவர் கேரிசன் ஃப்ரேஸியர் என்ற 67 வயதுப் பெரியவர். எங்களுக்கு நிலம் வேண்டும், அதில் நாங்களே உழுது பிழைத்துக்கொள்வோம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். நான்கே நாளில் கடலோர நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க ஷெர்மன் ஆணையிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள், லிங்கனுக்குப் பின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலத்தில் பெரும்பகுதியைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்க வைத்துவிட்டார். நிலம் இல்லாத விடுதலை எத்தனை நாள் தாங்கும் என்பது நம் ஊர்க் குத்தகைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இருந்தாலும் வாக்குரிமை வந்தது. 1868இல் 14ஆவது திருத்தம் குடியுரிமையையும் சட்டத்தின் முன் சமத்துவத்தையும் தந்தது. 1870இல் 15ஆவது திருத்தம், இனத்தைக் காட்டி ஆண்களின் வாக்கைப் பறிக்கக் கூடாது என்றது. பெண்களுக்கு வாக்கு அப்போதும் இல்லை. அடுத்து நடந்தவற்றைக் கட்டுரையாளர் ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம். மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ், பிளான்ச் புரூஸ் என்று இரண்டு கறுப்பினத்தவர் செனட்டுக்குப் போனார்கள். தென் கரோலினா சட்டமன்றத்தின் கீழவையில் கறுப்பினத்தவரே பெரும்பான்மை.

ராபர்ட் ஸ்மால்ஸ் கதை ஒன்றே போதும். 1862 மே மாதம், வெள்ளை அதிகாரிகள் கரையில் இருந்த ஓர் இரவில், பிளான்டர் என்ற தென்தரப்புக் கப்பலைச் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ஓட்டிக்கொண்டு போனவர் அவர். குடும்பமும் கப்பலில் இருந்தது. கேப்டனின் தொப்பியை மாட்டிக்கொண்டு, கோட்டைகளைக் கடக்கும்போது சரியான ஊதல் ஒலி எழுப்பி, விடியலில் வடக்குக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். பின்னர், தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டையே வாங்கினார். 1868இல் தென் கரோலினாவுக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதியவர்களில் ஒருவராக இருந்து இலவசப் பொதுப் பள்ளிகளுக்குக் குரல் கொடுத்தார். நாடாளுமன்றத்துக்கும் போனார்.

இதைப் பொறுக்காதவர்கள் துப்பாக்கி எடுத்தார்கள். கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையர் வன்முறைக் கும்பலை அடக்க அதிபர் கிராண்ட் 1871இல் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையையே நிறுத்திவைத்தார். 1873 ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் கொன்று குவித்தது, சரணடைந்தவர்களையும் விடவில்லை. தண்டனை பெற்ற ஒரு சிலரையும் 1876இல் உச்ச நீதிமன்றம் காப்பாற்றியது. 14ஆவது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனி ஆட்களை அல்ல என்றது தீர்ப்பு. அதே 1873இல் வங்கிகள் விழுந்து வேலையின்மை பெருக, வடக்கத்தியருக்கும் தெற்கின் பிரச்சினை அலுத்துப்போனது.

அப்போதுதான் 1876 தேர்தல் வந்தது. தெற்கு வெள்ளையர் ஆதரித்த ஜனநாயகக் கட்சியின் டில்டன் சுமார் 2.5 லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றார். ஆனால் அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகள். வெற்றிக்கு 185 வேண்டும். டில்டனிடம் 184, லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சியின் ஹேஸிடம் 165. தகராறில் இருந்தவை 20. அவற்றில் ஒன்று ஓரிகனில்; மற்றவை புளோரிடா, லூசியானா, தென் கரோலினாவில். இதைத் தீர்க்க நாடாளுமன்றம் அமைத்த பதினைந்து பேர் ஆணையம் ஒவ்வொரு தகராறிலும் எட்டுக்கு ஏழு என்று கட்சி வழியே பிரிந்து, இருபதையும் ஹேஸுக்கே கொடுத்தது.

ஜனநாயகக் கட்சி ஏன் அடங்கிப்போனது? பேரம் நடந்தது. ஹேஸ் அதிபராகட்டும், தெற்கில் குடியரசுக் கட்சி அரசுகளைத் தாங்கி நிற்கும் படை விலகட்டும் என்பதே பேச்சு. பிப்ரவரி 26 அன்று இரு தரப்பாரும் வாஷிங்டனில் கூடிப் பேசிய வார்ம்லி ஹோட்டலின் உரிமையாளர் ஜேம்ஸ் வார்ம்லி ஒரு கறுப்பினத்தவர். கதாசிரியர் யாராவது இப்படி எழுதியிருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

ஏப்ரலில் தென் கரோலினாவின் கொலம்பியாவிலும் லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸிலும் அரசுக் கட்டடங்களில் நின்ற வீரர்கள் பாசறைக்குத் திரும்பினார்கள். இரண்டு அரசுகளும் கவிழ்ந்தன. ஜூலையில் கூலிக் குறைப்பை எதிர்த்து ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இதே ஹேஸ் படையை அனுப்பினார். அதே ஆண்டு, வடமேற்கில் சொந்த மண்ணை விட்டு விரட்டப்பட்ட நெஸ் பெர்ஸ் பழங்குடியினரைக் கனடா எல்லைக்கு அருகே வரை துரத்தியதும் அமெரிக்கப் படைதான். வாக்குச்சாவடியைக் காக்க மட்டும் ஆள் இல்லாமல் போயிற்று.

பேரமே நடக்காவிட்டாலும் அந்த அரசுகள் விழுந்திருக்கும், மற்ற தென்மாநிலங்கள் முன்பே ஜனநாயகக் கட்சியிடம் கைமாறிவிட்டன என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் சொல்வார்கள். பாதி சரி. ஆனால் இனி மத்திய அரசு குறுக்கே வராது என்பது தென்மாநிலத் தலைவர்களுக்கு அன்றுதான் உறுதியானது. 1890இல் மிசிசிப்பி, கறுப்பினத்தவரை விலக்குவதற்காக, வாக்களிக்கக் கட்ட வேண்டிய வாக்குவரியும் வாசிப்புச் சோதனையும் வைத்தது. 1896இல் உச்ச நீதிமன்றம் ரயில் பெட்டிகளில் இனம் பிரித்து உட்கார வைப்பதை ஏற்றது. லூசியானாவில் 1896இல் பதிவான கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர்; 1904இல் 1,342 பேர். பிளான்ச் புரூஸ் 1881இல் செனட்டை விட்டுப் போனபின் அடுத்த கறுப்பின உறுப்பினர் அங்கே நுழைந்தது 1967இல்.

1965 வாக்குரிமைச் சட்டத்தைக் கட்டுரை புதிய உரிமை என்று எழுதுகிறது. அந்த உரிமை 1870லேயே அரசியல் சட்டத்தில் ஏறியது. 95 ஆண்டுகள் கழித்து அதை நடைமுறைப்படுத்த வழி செய்ததுதான் 1965 சட்டம். அதிலும் ஒரு முக்கியப் பிரிவை 2013இல் உச்ச நீதிமன்றம் செயலற்றதாக்கிவிட்டது.

தொடரின் அடுத்த பகுதியில் காலவரிசைப் பெட்டி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் 1877ஐயும் 1896ஐயும் சேர்க்க வேண்டுகிறேன். இடப் பற்றாக்குறை என்றால் நிலவுப் பயணத்தை எடுத்துவிடுங்கள். அது எல்லோருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
கரூர்.