கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கணினியும் கைப்பேசியும் இளையர்களைத் தமிழிலிருந்து பிரித்துவிட்டன என்று போன வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். அவருடைய வருத்தம் புரிகிறது, எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். ஆனால் நான் புதிய ஊடகக் கலை படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி, எனக்கு நடந்தது அப்படியே தலைகீழ். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2016-ல் இங்கே சிங்கப்பூரில் கலை அறிவியல் அரும்பொருளகத்தில் ஜப்பானின் டீம்லேப் குழுவினரின் நிரந்தரக் கண்காட்சி திறந்தபோது அம்மா என்னைக் கூட்டிப்போனார். ஒரு தாளில் காருக்கு வண்ணம் தீட்டிக் கொடுத்தேன், அது சற்று நேரத்தில் சுவரில் ஓடியது. அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தப் படிப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு மின்னிலக்கப் படைப்பு செய்ய வேண்டும். வகுப்பில் 'டெக்ஸ்ட் ரெயின்' என்ற படைப்பைப் பற்றிப் படித்தோம். கமீல் அட்டர்பேக், ரோமி அகிடுவ் இருவரும் 1999-ல் செய்தது. திரைக்கு முன்னால் நிற்பவரை ஒரு கேமரா படம் பிடிக்கும், திரையில் அவர் உருவத்தின்மேல் ஒரு கவிதையின் எழுத்துகள் மழையாக விழும், கையை நீட்டினால் கையில் தங்கும், கையை எடுத்தால் மறுபடி கீழே விழும். எனக்கு இதைத் தமிழில் செய்துபார்க்க ஆசை. தாத்தா அடிக்கடி சொல்லும் பழைய இடப்பெயர்களை எடுத்துக்கொண்டேன். சிராங்கூன் ரோடு பக்கத்தைத் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், மார்க்கெட் ஸ்திரீட் அவர்களுக்குச் செட்டித் தெரு.

கணினி நிரலை ஓடவிட்டதும் எழுத்துகள் விழுந்தன, ஆனால் உடைந்து விழுந்தன. ககரம் ஒரு பக்கம், அதன் உகரக் குறி ஒரு பக்கம், புள்ளிகள் தனியாக. தனித்து நின்ற ஒவ்வொரு குறியோடும் புள்ளிகளால் ஆன ஒரு சின்ன வட்டம் வேறு. காரணம் இதுதான்: சிங்கப்பூர் என்று எழுதினால் நமக்கு ஆறு எழுத்து. கணினிக்கு அது 11 குறியீடு, ஏனென்றால் கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் யூனிகோட் முறையில் 'சி' என்பது சகரமும் இகரக் குறியுமாக இரண்டு, 'ங்' என்பது ஙகரமும் புள்ளியுமாக இரண்டு. நான் எடுத்தாண்ட நிரல் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, ஒரு குறியீடு என்றால் ஓர் எழுத்து என்று நினைத்துக்கொண்டு வெட்டிவிடுகிறது.

இதில் என்னைக் கலங்க வைத்தது, வகுப்பில் எல்லாருக்கும் அது பிடித்துப்போனதுதான். ஆசிரியர் பார்த்துவிட்டு, மிக அழகாக இருக்கிறது, அந்தப் புள்ளிகள் உண்மையிலேயே மழைத்துளி மாதிரி இருக்கின்றன, அப்படியே விட்டுவிடு என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அன்று மட்டும் நான் சரி என்று தலையாட்டியிருந்தால் அது அப்படியே கண்காட்சிக்குப் போயிருக்கும், நல்ல மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும்.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் காட்டினேன். அவர் இளவயதில் இங்கே ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்துகளைக் கோப்பவராக, வேலை பார்த்தவர். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கேஸ் கவிழ்ந்துபோன மாதிரி இருக்கு" என்றார். கேஸ் என்பது ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைக்கும் தட்டு. ஈய எழுத்து காலத்தில் 'கொ' கோக்க வேண்டுமென்றால் ஒற்றைக் கொம்பு ஓர் அறையிலிருந்து, ககரம் ஓர் அறையிலிருந்து, கால் இன்னோர் அறையிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டுமாம். சேர்ப்பதுதான் வேலையே, கொம்பைத் தனியாக விட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனால் ஃபோர்மேன் திட்டுவார் என்றார். பத்து ஆண்டு தமிழ்ப் பாடம் படித்திருக்கிறேன், ஓர் எழுத்து எதனால் ஆனது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்றிரவு இரண்டு மணிவரை தாத்தாவும் நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுத்துகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம்தான் தெரிந்தது, இதற்கு நான் நிரல் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே வழி இருக்கிறது. செக்மென்டர் என்ற ஒன்று, சொல்லைக் குறியீடாகப் பிரிக்காமல் படிப்பவர் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகப் பிரித்துத் தரும். சில வரிகள்தான். அதைச் சேர்த்ததும் சிங்கப்பூர் ஆறு எழுத்தாக விழுந்தது. 'ஸ்ரீ' மட்டும் இரண்டாகப் பிளந்தது, ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் பெயருக்காக அதற்கு நானே தனியாக ஒரு விதி எழுதினேன்.

கண்காட்சி நாளில் பாட்டியும் வந்திருந்தார். எல்லாரும் கையை நீட்டி ஒன்றிரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பாட்டி பேசாமல் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். அடர் நீலப் புடவை, வெள்ளைச் சுவர், கேமராவுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. 'சுண்ணாம்புக்' முழுவதும் முந்தானையில் வந்து உட்கார்ந்தது. பாட்டி அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். என் வகுப்புத் தோழர்கள் அதைக் கேட்டுவிட்டு, ஓ, இதைப் படிக்க முடியுமா என்று கேட்டார்கள். நானும் எத்தனையோ நாள் விளக்கிப் பார்த்தேன், அவர்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

நம் ஊரில் மின்னிலக்கக் கலைக்குக் குறைவில்லை. மரினா பேயில் ஐ லைட் என்ற ஒளிக்கலை விழா 2010-லிருந்து நடக்கிறது, ஜனவரி வந்தால் தேசிய கலைக்கூடத்தின் முகப்பே திரையாகிவிடுகிறது. நான்கு மொழி வரவேற்பும் பல இடங்களில் இருக்கும். ஆனால் அந்த நான்கில் தமிழை மட்டும் கொம்பு இடம் மாறி, புள்ளி விலகிப் பார்க்கும்போது எனக்கு இப்போதெல்லாம் கோபத்தைவிட அவசரம்தான் வருகிறது. யாரோ ஒருவர் அதை ஒரு படமாக நினைத்து ஒட்டியிருக்கிறார், படிக்கத் தெரிந்த ஒருவர் செய்யும்போதே பக்கத்தில் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. மொழிபெயர்ப்பாளரைக் கடைசி வாரத்தில் தேடுவதற்குப் பதிலாக, நிரல் எழுதத் தெரிந்த, தமிழ் படிக்கத் தெரிந்த மாணவர்களை முதல் நாளே அழையுங்கள் என்று விழா நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் இருக்கிறோம், வருவோம்.

இது நமக்குப் புதிதும் இல்லை. 1995-ல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழும் கூடவே ஏறியது, அதற்கு எழுத்துரு முதற்கொண்டு வழி செய்தவர் நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 'இணையம்' என்ற சொல்லே அவர் தந்தது என்பார்கள். இதை நான் தெரிந்துகொண்டது போன மாதம்தான். இதை ஊடகக் கலை வகுப்பில் யாரும் சொல்லவில்லை, தமிழ் வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

உங்கள் இதழில் நாட்டியம், நாடகம், நூல் வெளியீடு எல்லாவற்றுக்கும் விமர்சனம் வருகிறது. மாணவர் கண்காட்சிகளுக்கும் ஒருவரை அனுப்புங்கள், பாராட்டாவிட்டாலும் பரவாயில்லை, எங்கே தமிழ் உடைந்திருக்கிறது என்று எழுதினாலே போதும். என் நிரலில் எழுத்துகளைப் பிரிக்கும் பகுதியைக் குறிப்புகளோடு தமிழிலேயே எழுதிவைத்திருக்கிறேன், கேட்கும் மாணவர்களுக்குக் கொடுப்பேன். தாத்தா இப்போது 'கொ', 'கோ', 'கௌ' எல்லாவற்றுக்கும் அந்தக் கால அறைகளின் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார், அடுத்த படைப்பு அதிலிருந்துதான்.

அன்புடன்,
ஊடகக் கலை மாணவி,
ஜூரோங்